அம்மாவுக்கு அப்பொயின்ட்மென்ட், உங்களுக்கு ஏன் சிக் லீவு?

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மனேஜரிடம் அதைச் சொல்லக் கூச்சம். சொன்னாலும் விடுவாரோ என்ற சந்தேகம். விடிய எழும்பி வேலைக்குப் போன் எடுத்து, "எனக்கு வயித்துக்குத்து, இண்டைக்கு வரேலாது" என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. பெற்றோல் ஷெட், சூப்பர்மார்க்கெட், வெயார்ஹவுஸ், பராமரிப்பு இல்லம் என்று பிரித்தானியாவில் எங்கள் ஆட்கள் வேலை செய்யும் இடங்களில் இது வெகு சாதாரணம். இருக்கிற வழிகளுக்குள் மிக மோசமான வழியும் இதுதான்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். ஊழியர் வேலைக்கு வராத நாட்களை அளக்கப் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் சூத்திரத்துக்கு பிராட்ஃபோர்ட் ஃபாக்டர் என்று பெயர். கடந்த 52 கிழமைகளில் எத்தனை தடவை வராமல் விட்டீர்கள் என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மொத்த நாட்களாலும் பெருக்குவார்கள். காய்ச்சல் வந்து ஒரேயடியாக 5 நாள் படுத்தால் 1 × 1 × 5, அதாவது 5 புள்ளி. அம்மாவுக்காக ஐந்து தனித்தனி நாளில் "வயித்துக்குத்து" என்றால் 5 × 5 × 5, அதாவது 125 புள்ளி. எந்தப் புள்ளியில் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் இரண்டு ஆட்களும் வராமல் விட்டது அதே 5 நாள்தான். இந்தச் சூத்திரம் தண்டிப்பது அடிக்கடி ஒவ்வொரு நாள் காணாமல் போகிறவரை, அதாவது வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரை.

அதே நாட்களைச் சட்டம் தந்திருக்கும் விடுப்பாக எடுத்திருந்தால், அவற்றை இந்தப் புள்ளிக்குள் சேர்த்து உங்களுக்கு எச்சரிக்கை தருவது சட்டமீறல். சிக் லீவாக எடுத்ததால் அந்தக் காப்பு போய்விட்டது. வருத்தமில்லாமல் வருத்தமென்று சொல்லிச் சம்பளம் எடுத்தது பிடிபட்டால் அது நேர்மைப் பிரச்சினையாகி, ஒரே கூட்டத்தில் வேலை போகும். பராமரிப்பு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் பிரயோசனமில்லை.

ஆகவே எந்தத் தேவைக்கு எந்த விடுப்பு என்பதைத் தெரிந்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் முழு விஷயமும். திடீரென்று நடப்பதற்கு ஒன்று, முன்கூட்டியே தெரிந்ததற்கு ஒன்று, நிரந்தரமாக நேரம் மாற்றுவதற்கு இன்னொன்று. கீழே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு. வட அயர்லாந்தின் தொழில் சட்டம் தனி.

திடீரென்று நடந்தால்

1996ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டம், பிரிவு 57ஏ. வேலைத்தலத்தில் கேட்கவேண்டிய பெயர் "டைம் ஓஃப் ஃபோர் டிபென்டன்ட்ஸ்", அதாவது உங்களை நம்பியிருப்பவர்களுக்காக எடுக்கும் விடுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் சம்பளம் கிடையாது. அப்பா விழுந்துவிட்டார், வீட்டுக்கு வரும் கேரர் (பராமரிப்பாளர்) கடைசி நேரத்தில் வரவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டதென்று போன் வருகிறது, வீட்டில் ஒருவர் காலமாகிவிட்டார் என்பவை இதற்குள் வரும்.

எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை. "நியாயமான அளவு" என்கிறது. நடைமுறையில் ஒரு நாள், இரண்டு நாள். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். இந்த விடுப்பு நீங்களே இருந்து பராமரிப்பதற்கு அல்ல, பராமரிப்புக்கு ஒழுங்கு செய்வதற்கு. அப்பா ஆஸ்பத்திரியில் 3 கிழமை இருந்தால், முதல் நாள் அவருடன் ஓடுவதற்கும் அடுத்த நாள் யார் பார்ப்பதென்று ஒழுங்குபண்ணுவதற்கும் இது பொருந்தும். 3 கிழமையும் இதில் எடுக்க முடியாது. மரணத்திலும் அப்படியே: செத்தவீட்டு ஒழுங்குகளுக்கு இது உண்டு, 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும்வரை ஊரில் நிற்பதற்கு ஆண்டு விடுப்புத்தான் எடுக்க வேண்டும், அல்லது கொம்பனியின் துக்க விடுப்பைப் பார்க்க வேண்டும்.

நிபந்தனை இரண்டே இரண்டு. முடிந்தளவு விரைவாகக் காரணத்தைச் சொல்ல வேண்டும்; எவ்வளவு நேரம் அல்லது நாள் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்லாமல் "ஃபமிலி எமர்ஜென்சி" என்று ஒரு வட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டால் பாதுகாப்பு இல்லை. பேசிய பிறகு, "காலை 7.40க்கு அழைத்துப் பேசியபடி, அம்மாவின் கேரர் இன்று வராததால் டைம் ஓஃப் ஃபோர் டிபென்டன்ட்ஸ் எடுக்கிறேன், நாளை வருவேன்" என்று இரண்டு வரி மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பிவிடுங்கள்.

"இண்டைக்கு கடையிலே ஆள் இல்லை" என்ற பதில் வரும். 2003இல் குவா எதிர் ஜோன் ஃபோர்ட் மொரிசன் வழக்கில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் தெளிவாகச் சொன்னது: எவ்வளவு நேரம் நியாயம் என்று பார்க்கும்போது முதலாளிக்கு ஏற்படும் இடைஞ்சலைக் கணக்கில் எடுக்கக்கூடாது. "இரண்டு கிழமைக்கு முதலே தெரியும்தானே, இது எப்படித் திடீர்?" என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. ரோயல் பாங்க் ஓஃப் ஸ்கொட்லாந்து எதிர் ஹரிசன், 2008. பிள்ளை பார்ப்பவர் இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் வரமாட்டாரென்று அறிந்து, மாற்றாள் தேடியும் கிடைக்காத தாய் அவர். அவருக்கு இந்த உரிமை உண்டென்றே தீர்ப்பு வந்தது. தேடிப் பார்த்தார் என்பது அங்கே முக்கியம். நீங்களும் யார் யாரைக் கேட்டீர்கள் என்று குறித்துவையுங்கள்.

யாருக்காக எடுக்கலாம்? கணவன், மனைவி, பிள்ளை, தாய், தகப்பன், ஒரே வீட்டில் வாழ்பவர். வாடகைக்கு இருப்பவர் இதில் சேரமாட்டார். பட்டியலைப் பார்த்து, மாமி மாமாவுக்குக் கிடையாதென்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். ஒரே வீட்டில் இருந்தால் மாமி உள்ளே வந்துவிடுவார். தனி வீட்டில் இருந்தாலும், பராமரிப்புக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறார் என்றால் அதுவும் போதும். தமக்கை, பெரியம்மா, பக்கத்து வீட்டு வயோதிபர் எல்லோரும் இந்த வாசலால் வரலாம்.

முன்கூட்டியே தெரிந்த தேவைக்கு

இதற்குத்தான் 2023ஆம் ஆண்டின் கேரர்ஸ் லீவ் சட்டம். 2024 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் ஆட்களில் இதைக் கேள்விப்படாதவர்களே அதிகம், பல மனேஜர்களும் அப்படித்தான்.

12 மாதத்தில் ஒரு கிழமை, சம்பளமில்லாமல். ஒரு கிழமை என்றால் உங்களுடைய கிழமை: 5 நாள் வேலை செய்பவருக்கு 5 நாள், 3 நாள் வேலை செய்பவருக்கு 3 நாள். முதல் நாளிலிருந்தே உரிமை. பராமரிக்கப்படுபவருக்கு நீண்டகாலத் தேவை இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பராமரிப்புத் தேவைப்படும் அல்லது தேவைப்படக்கூடிய உடல், மன நோயோ காயமோ, சமத்துவச் சட்டம் சொல்லும் இயலாமை, அல்லது முதுமை. இவற்றுள் ஒன்று போதும். அம்மாவையும் மாமனாரையும் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தம் ஒரு கிழமைதான். ஆளுக்கு ஒன்று கிடையாது.

ஒரு கிழமை என்ன மூலைக்கு என்று தோன்றும். ஆனால் இதை அரை நாள் அரை நாளாக உடைக்கலாம். 5 நாள் வேலைக்காரருக்குப் பத்து அரை நாள். சிறுநீரகக் கிளினிக், மெமரி கிளினிக், கண் ஸ்கேன், கவுன்சில்காரர் வீடு பார்க்க வருவது என்று வருடத்துக்குப் பத்து தடவை, ஆண்டு விடுப்பைத் தொடாமல் போய்வரலாம். அரை நாள் என்பதும் உங்கள் ஷிப்டின் பாதிதான். 12 மணித்தியால ஷிப்ட் என்றால் 6 மணித்தியாலம்.

அறிவித்தல் கணக்கு இப்படி: எடுக்கும் நாட்களின் இரண்டு மடங்கு, அல்லது 3 நாள், இவற்றுள் எது கூடவோ அது. அரை நாளுக்கும் ஒரு நாளுக்கும் 3 நாள் முன்னதாக. 2 நாளுக்கு 4 நாள். முழுக் கிழமைக்கு 10 நாள். வாயால் சொன்னாலே சட்டப்படி போதும். ஆனால் எழுத்தில் கொடுங்கள். பிறகு "நீ கேட்கவே இல்லை" என்று வரும்போது உங்களிடம் இருப்பது அதுதான்.

ஆஸ்பத்திரிக் கடிதம் கொண்டுவா என்று கேட்க முதலாளிக்கு உரிமை இல்லை. முற்றாக மறுக்கவும் முடியாது. அவரால் செய்யக்கூடியது தள்ளிப்போடுவது மட்டும், அதுவும் வேலை அளவுமீறிக் குழம்பும் என்று நியாயமாக நினைத்தால். அப்போதும் உங்களோடு பேசி, நீங்கள் கேட்ட முதல் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதே அளவு விடுப்பை வேறு திகதியில் தர வேண்டும். காரணத்தையும் புதுத் திகதியையும், நீங்கள் கேட்ட 7 நாளுக்குள், அல்லது விடுப்புத் தொடங்குமுன், எது முந்துகிறதோ அதற்குள், எழுத்தில் தர வேண்டும். எழுத்தில்லாமல் "பிறகு பாப்பம்" என்பது தள்ளிப்போட்டதாக ஆகாது.

இங்கே ஒரு நடைமுறைத் தந்திரம். கிளினிக் திகதியை மாற்ற முடியாதென்றால், 3 நாள் முன்னதாகக் கேட்காமல் கடிதம் கையில் கிடைத்த அன்றே கேளுங்கள். றோட்டா (ஷிப்ட் அட்டவணை) போட்ட பிறகு கேட்பதுதான் பெரும்பாலான தள்ளிப்போடல்களுக்குக் காரணம். என்எச்எஸ் கடிதங்கள் பல கிழமைக்கு முன்னரே வருகின்றன, நாங்கள்தான் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவிட்டு விட்டுவிடுகிறோம்.

சம்பள இழப்பைக் கணக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 2025–26இன் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ஸ். 7.5 மணித்தியால நாளின் பாதிக்கு ஏறத்தாழ 46 பவுண்ஸ், முழுக் கிழமைக்கு ஏறத்தாழ 458. சில நிறுவனங்கள் இதைச் சம்பளத்தோடு தருகின்றன. ஊழியர் கைநூலைப் பார்க்காமல் சம்பளமில்லை என்று முடிவெடுக்காதீர்கள். ஆண்டு விடுப்பு சேர்வது இந்த நாட்களிலும் நிற்காது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. சுகமான பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையில் ஆள் இல்லை என்பதற்கு கேரர்ஸ் லீவ் பொருந்தாது. அதற்கு பெற்றோர் விடுப்பு: ஒவ்வொரு பிள்ளைக்கும் 18 வயது வரை மொத்தம் 18 கிழமை, வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு 4 கிழமைக்கு மேல் இல்லை, 21 நாள் அறிவித்தல், சம்பளம் இல்லை. வழமையாக முழுக் கிழமைகளாகத்தான் எடுக்க வேண்டும். இயலாமைக் கொடுப்பனவு பெறும் பிள்ளைக்குத் தனி நாட்களாகவும் எடுக்கலாம்.

நேரத்தையே மாற்ற வேண்டுமென்றால்

டயாலிசிஸ் கிழமைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் சுமார் 4 மணித்தியாலம். இதற்கு எந்த விடுப்பும் காணாது. வேலை நேரமே மாற வேண்டும். அதற்குரியது "ஃப்ளெக்சிபிள் வேர்க்கிங் றிக்குவெஸ்ட்". 2024 ஏப்ரல் 6 முதல் இதுவும் முதல் நாள் உரிமை. 12 மாதத்தில் இரண்டு தடவை கேட்கலாம், ஒரே நேரத்தில் ஒன்றுதான். மேன்முறையீடும் சேர்த்து இரண்டு மாதத்துக்குள் முடிவு வர வேண்டும். மறுக்க முன் உங்களோடு கலந்துபேச வேண்டும்.

இது கேட்கும் உரிமை, கிடைக்கும் உரிமை அல்ல. ஆகவே எழுதும் விதம்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. கடிதத்தில் கட்டாயம் வரவேண்டியவை: திகதி, இது சட்டப்படியான ஃப்ளெக்சிபிள் வேர்க்கிங் கோரிக்கை என்ற வசனம், என்ன மாற்றம் வேண்டும், எந்தத் திகதியிலிருந்து, முன்பு கேட்டிருக்கிறீர்களா, கேட்டிருந்தால் எப்போது. அந்த இரண்டாவது வசனத்தை விட்டுவிட்டால், "அது சும்மா ஒரு மெயில்தானே" என்று இரண்டு மாதக் கெடுவிலிருந்து தப்பிவிடுவார்கள்.

மறுப்பதற்குச் சட்டம் எட்டே எட்டுக் காரணங்களைத்தான் அனுமதிக்கிறது: கூடுதல் செலவு, வாடிக்கையாளர் தேவையைச் சமாளிக்க முடியாமை, இருக்கும் ஆட்களுக்குள் வேலையைப் பிரிக்க முடியாமை, புது ஆள் எடுக்க முடியாமை, தரம் குறைதல், செயற்பாடு குறைதல், நீங்கள் கேட்கும் நேரத்தில் போதிய வேலை இல்லாமை, திட்டமிட்ட கட்டமைப்பு மாற்றங்கள். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பினம்" என்பது இந்த எட்டிலும் இல்லை.

முதலாளிக்கு என்ன பாதிப்பு, அதை எப்படிச் சமாளிக்கலாம் என்று நீங்கள் விளக்க வேண்டுமென்று முன்பு சட்டம் கேட்டது, இப்போது கேட்பதில்லை. இருந்தாலும் எழுதுங்கள். வெயார்ஹவுஸ் ஒன்றில் திங்கள், புதன், வெள்ளி மதியத்துக்குப் பிறகு நிற்க முடியாதென்றால், "எனக்கு நேரம் வசதியாக வேண்டும்" என்று எழுதினால் மறுப்பது நிச்சயம். "அந்த மூன்று நாளும் 2 முதல் 10 வரையான ஷிப்டுக்குப் பதிலாக காலை 5 முதல் 1 வரை, லொறி இறக்கும் காலை வேலைக்கு ஆள் தட்டுப்பாடு இருப்பதால் அதில் நிற்கிறேன், செவ்வாய், வியாழன் மாற்றமில்லை, 3 மாதம் பரீட்சார்த்தமாகப் பார்ப்போம்" என்று எழுதினால் மனேஜருக்கு மேலே அனுப்ப ஒரு திட்டம் கிடைக்கிறது. மனேஜர் கெட்டவராக இருப்பதால் மறுப்பு வருவதைவிட, றோட்டாவை அவர் தானே இருந்து திருத்த வேண்டியிருப்பதால் வருவதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். அந்த வேலையை அவருக்காக நீங்களே செய்து கொடுங்கள்.

பரீட்சார்த்தம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒப்புக்கொண்ட மாற்றம் ஒப்பந்தத்தின் நிரந்தர மாற்றம். 40 மணித்தியாலத்தை 24 ஆக்கிவிட்டு, அம்மா காலமானபின் திரும்பவும் 40 வேண்டுமென்று கோர உரிமை இல்லை. குறித்த காலத்துக்கு மட்டும் வேண்டுமானால் முடிவுத் திகதியைக் கடிதத்திலேயே போடுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்குச் சம்பள எல்லை உண்டு. மணித்தியாலத்தைக் குறைத்தால் சம்பளம் குறைந்து அந்த எல்லைக்குக் கீழே போகலாம். ஸ்பொன்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, மாற்றங்களை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கவும் வேண்டும். ஒரு நாட்காட்டி ஆண்டில் மொத்தம் 4 கிழமைக்கு மேல் சம்பளமில்லாமல் நின்றால், சில விதிவிலக்குகள் தவிர, ஸ்பொன்சர்ஷிப்பே நிற்கலாம். மொத்த மணித்தியாலத்தைத் தொடாமல் நேரத்தை மட்டும் மாற்றுவது பாதுகாப்பான வழி. குறைக்கத்தான் வேண்டுமென்றால் கடிதம் கொடுக்க முன்னரே பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கேளுங்கள்.

மறுபக்கமாக ஒரு தவறான பயமும் இருக்கிறது. "பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை" (பொதுநிதி, அதாவது அரச உதவிப் பணம் எடுக்க முடியாது) என்று விசாவில் அடித்திருப்பவர்கள் இந்த விடுப்புகளும் தங்களுக்கு இல்லையென்று நினைக்கிறார்கள். விடுப்பு பொதுநிதி அல்ல, தொழில் உரிமை. எடுக்கலாம்.

ஆனால் மேலே சொன்ன எல்லாம் "எம்ப்ளோயி" என்ற தகுதி உள்ளவருக்கு. ஏஜென்சி மூலம் போகிறவர், ஊபர் ஓட்டுபவர், "செல்ஃப் எம்ப்ளோய்ட்" என்று எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் வெளியே நிற்பார்கள். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் முடிவல்ல. றோட்டா அவர்கள் போடுகிறார்கள், உங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்ப முடியாது, தந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்றால் உண்மையில் நீங்கள் எம்ப்ளோயியாக இருக்கலாம். வேலை நிபந்தனைகளை எழுத்தில் முதல் நாளே தர வேண்டுமென்பது 2020 ஏப்ரலிலிருந்து சட்டம். கையில் இல்லாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள்.

கேரர்ஸ் அலவன்ஸ்: ஒரு பவுணில் விழும் குழி

இது பராமரிப்பவருக்கு அரசு தரும் கொடுப்பனவு. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பராமரிக்க வேண்டும். பராமரிக்கப்படுபவர் அற்றென்டன்ஸ் அலவன்ஸ் (முதியோருக்கானது), பிஐபி என்ற இயலாமைக் கொடுப்பனவின் அன்றாட வாழ்வுப் பகுதி போன்ற ஒன்றைப் பெற வேண்டும். 2025–26இல் கேரர்ஸ் அலவன்ஸ் கிழமைக்கு 83.30 பவுண்ஸ். ஸ்கொட்லாந்தில் இதன் இடத்தில் கேரர் சப்போர்ட் பேமென்ட். ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் எடுக்கலாம். அண்ணனும் தங்கையும் பாதி பாதி பார்த்தாலும் பணம் ஒருவருக்கே.

வேலை செய்துகொண்டே எடுக்கலாம், வருமான எல்லைக்குள். 2025 ஏப்ரலில் அந்த எல்லை 151இலிருந்து 196 பவுண்ஸாக ஏறியது. குறைந்தபட்சச் சம்பளத்தில் 16 மணித்தியாலம் என்பதே அடிப்படை: 12.21 × 16 = 195.36. அதன்பின் ஏப்ரல்தோறும் சம்பளத்தோடு சேர்ந்து ஏறுகிறது. அந்தந்த வருட எண்ணை அரச இணையத்தளத்தில் பாருங்கள். 2025–26 கணக்கில் 196க்கு ஒரு பவுண் கூடினால் ஒரு பவுண் குறையாது, அந்தக் கிழமையின் 83.30 முழுவதும் போகும். ஒரு ஓவர்டைம் ஷிப்ட் உங்களை நட்டத்தில் விடுவது இப்படித்தான்.

இந்த எல்லை, வரியும் தேசியக் காப்புறுதியும் கழித்த தொகைக்கு. பென்ஷனுக்குக் கட்டுவதில் பாதியையும் கழிக்கலாம். பென்ஷன் பிடிக்குமுன் கையில் 208 வருகிறது, பென்ஷனுக்குக் கிழமைக்கு 26 கட்டுகிறீர்கள் என்றால், 13ஐக் கழித்து 195, உள்ளே நிற்கிறீர்கள். நீங்கள் வேலையில் நிற்கும் நேரம் நெருங்கிய உறவினரல்லாத ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கவைத்தால், அந்தச் செலவையும் உங்கள் தேறிய வருமானத்தின் பாதிவரை கழிக்கலாம். இதைப் பலர் விண்ணப்பத்தில் எழுதுவதே இல்லை. மாதச் சம்பளமென்றால் 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்துப் பாருங்கள்: 196இன் மாத அளவு 849.33.

ஏறி இறங்கும் சம்பளம்தான் ஆபத்து. வருமானத்தைச் சராசரியாக்குவது பற்றிய, இந்தக் கொடுப்பனவைத் தரும் அரச திணைக்களத்தின் வழிகாட்டல் தெளிவில்லாமல் இருந்ததால் பராமரிப்பாளர்கள் பெருங்கடனில் விழுந்தார்கள் என்பதை லிஸ் சேய்ஸ் தலைமையிலான சுயாதீன அறிக்கை 2025 நவம்பரில் வெளிக்கொண்டுவந்தது. வேலையோ சம்பளமோ மாறிய அன்றே அறிவியுங்கள், அறிவித்ததற்கான பதிவை வைத்திருங்கள்.

இரண்டு பொறிகள். முதலாவது, தனியே வசித்துப் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவி) எடுக்கும் அப்பாவுக்குக் கடும் இயலாமைக்கான கூடுதல் தொகை வருகிறதென்றால், நீங்கள் அவருக்காக கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்ததும் அது நிற்கும்; குடும்பமாகப் பார்த்தால் இலாபமே இல்லாமல் போகலாம். இரண்டாவது, உங்களை நம்பி வாழும் உறவினராக ஊரிலிருந்து ஸ்பொன்சர் செய்து அழைத்த பெற்றோர். முதல் 5 வருடம் பென்ஷன் கிரெடிட் போன்ற, வருமானம் பார்த்துத் தரும் உதவிகள் அவர்களுக்கு இல்லை, ஆனால் எழுத்தில் பொறுப்பேற்று அழைக்கப்பட்டவர்களுக்கு அற்றென்டன்ஸ் அலவன்ஸில் விதிவிலக்கு உண்டு. பொதுநிதி இல்லையென்று நினைத்து அதைக் கேட்காமலே விட்டால் உங்கள் கேரர்ஸ் அலவன்ஸுக்கும் அடிப்படை இல்லை.

யுனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச மாத உதவி) இருப்பவர்கள் அதிலுள்ள கேரர் பகுதியைத் தனியாகக் கேளுங்கள். 2025–26இல் மாதம் 201.68. அதற்கு கேரர்ஸ் அலவன்ஸின் அந்த வருமான எல்லை கிடையாது. கூடச் சம்பாதிப்பதால் கேரர்ஸ் அலவன்ஸ் இழந்தவரும் இதற்குத் தகுதி பெறலாம்.

கவுன்சிலிடம் கேரர் மதிப்பீடு கேட்பதும் இங்கிலாந்தில் உங்கள் உரிமை, 2014ஆம் ஆண்டின் கேர் சட்டப்படி. எத்தனை மணித்தியாலம் பார்க்கிறீர்கள் என்ற எல்லை கிடையாது. நீங்கள் வேலை செய்கிறீர்களா, செய்ய விரும்புகிறீர்களா என்பதை அவர்கள் கவனிக்கவே வேண்டும். ஆகவே "எல்லாம் சமாளிக்கிறன்" என்று மரியாதைக்குச் சொல்லாதீர்கள். எந்த ஷிப்டுகள் தவறின, எந்த இரவுகள் நித்திரை இல்லை என்று இரண்டு கிழமைக்கு எழுதிவைத்து அதைக் கொடுங்கள். கவுன்சிலின் சமூகப் பராமரிப்பு பொதுநிதிப் பட்டியலில் இல்லை.

மறுத்தால், பழிவாங்கினால்

விடுப்புக் கேட்டதற்காக ஷிப்டைக் குறைப்பது, பதவி உயர்வில் தள்ளிவைப்பது, வேலையால் நிறுத்துவது எல்லாம் சட்டவிரோதம். இந்தக் காரணத்துக்காக நிறுத்தினால், வழமையான அநீதி நீக்க வழக்குக்குக் கேட்கப்படும் சேவைக்காலம் இங்கே தேவையில்லை.

இயலாமை உள்ளவரைப் பராமரிப்பதற்காக உங்களைத் தரக்குறைவாக நடத்தினால் அது பாகுபாடு. ஷரன் கோல்மன் என்ற சட்ட அலுவலகச் செயலாளர், இயலாமையுள்ள மகனைப் பராமரித்ததற்காகத் தன்னைத் துன்புறுத்தினார்கள் என்று போட்ட வழக்கில், 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதை ஏற்றது. இப்போது 2010 சமத்துவச் சட்டத்திலும் அடங்கும். "உன்ர பிள்ளையைச் சாட்டித் திரியிறாய்" என்ற நக்கல்கூட, தொடர்ந்தால், தொந்தரவு என்ற வகைக்குள் வரும். ஆனால் எல்லை தெரிந்திருக்க வேண்டும்: வேலைத்தலத்தில் நியாயமான மாற்றங்கள் செய்து தரும் கடமை இயலாமையுள்ள ஊழியருக்கு மட்டும். பராமரிப்பவருக்கு அது இல்லை என்று 2014இல் ஹெய்ன்ஸ்வேர்த் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடிதத்தில் "நியாயமான மாற்றங்கள்" என்ற சொல்லைப் போட்டு வாதாடி நேரத்தை விடாதீர்கள்.

பிள்ளை பார்க்கும் பெண்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. வார இறுதியிலும் வேலை செய்ய வேண்டுமென்ற விதியைப் பற்றி ஒரு சமூகத் தாதி போட்ட டொப்சன் வழக்கில், 2021இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது: பிள்ளை பராமரிப்புச் சுமை பெண்கள்மேல் அதிகம் விழுகிறது என்பதைத் தீர்ப்பாயங்கள் ஆதாரம் கேட்காமலே ஏற்க வேண்டும். "எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்ற பதில் மறைமுகப் பாலினப் பாகுபாடாக மாறக்கூடும்.

ஃப்ளெக்சிபிள் வேர்க்கிங் மறுப்பில் மட்டும் வழக்காடினால் இழப்பீடு கூடியது 8 கிழமைச் சம்பளம். பெரிய தொகை வருவது பாகுபாட்டு வழக்கில்தான்.

ஒழுங்கு இப்படி: முதலில் எழுத்தில் உள்ளக முறைப்பாடு, ஆங்கிலத்தில் "கிறீவன்ஸ்". கூடவே, ஏகாஸ் என்ற, வேலைத்தலப் பிணக்குகளைத் தீர்க்க உதவும் பொது அமைப்பின் 0300 123 1100 என்ற உதவி எண்ணில் இலவச ஆலோசனை. தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக முன் ஏகாஸின் முன் சமரசத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. பாதுகாப்பான கெடு 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு: மார்ச் 10 நடந்ததற்கு ஜூன் 9க்குள் ஏகாஸுக்கு. 2025ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டம் இந்தக் கெடுவை நீட்ட வழி செய்திருக்கிறது, ஆனால் உங்கள் திகதிக்குப் பொருந்துகிறதா என்று உறுதியாகாமல் அதை நம்பி இருக்காதீர்கள். கொம்பனியின் உள்ளக முறைப்பாடு நடப்பதால் கடிகாரம் நிற்காது. "விசாரிக்கிறம், பொறுங்கோ" என்று இழுத்து மூன்று மாதம் ஓடிவிடுவதுதான் நல்ல வழக்குகள் சாகும் வழி.

ஏகாஸ் படிவத்தில் முதலாளியின் பெயரைப் போடும்போது கடைவாசலில் உள்ள பெயரைப் போடாதீர்கள். பெற்றோல் ஷெட்டின் போர்டில் ஒரு பெரிய எண்ணெய்க் கொம்பனியின் பெயர் இருக்கும். உங்களுக்குச் சம்பளம் தருவது வேறொரு லிமிட்டட். பே ஸ்லிப்பிலும் பி60இலும் (வருட முடிவில் தரும் சம்பள, வரிப் பத்திரம்) இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து போடுங்கள். ஏகாஸ் சான்றிதழில் ஒரு பெயரும் தீர்ப்பாய விண்ணப்பத்தில் இன்னொரு பெயரும் இருந்தால், விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படலாம். கெடு அதற்குள் முடிந்திருக்கும்.